முப்பத்தொரு திருத்தங்கள்

கடவுச்சொல்லை மறக்காமல் இருப்பதை ஒரு திறமை என்று நான் நினைத்ததே இல்லை. ஆனால் எங்கள் அலுவலகத்தில் அந்தத் திறமை எனக்கு மட்டும்தான் இருந்தது. எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். பெயர் ஜெனீன் ஓபர்லி. வயது ஐம்பத்தெட்டு. பத்தொன்பது வருடமாக வெக்ஸ்லர் மாவட்டச் சிறார் போதை நீதிமன்றத்தின் ஒருங்கிணைப்பாளர். வழக்கறிஞர் வேண்டாம். அவர்கள் பேசுகிறவரை நடுநடுவே மறித்துக்கொண்டே இருப்பார்கள். எனக்கு எதையும் முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்லித்தான் பழக்கம்.

மாநிலத் தலைநகர் கொலம்பஸில், உங்கள் தலைமை அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு எங்கள் வேலை காகிதத்தில்தான் தெரியும். அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதினான்கிலிருந்து பதினேழு வயது வரை உள்ள பிள்ளைகள். மாத்திரை, கஞ்சா, சில சமயம் அதைவிட மோசமானவை. அடைத்து வைக்க வேண்டியவர்களை அடைக்காமல் ஒரு வருடத்துக்கு எங்கள் கையில் கொடுப்பார்கள். வியாழக்கிழமை மூன்று மணிக்கு ஒவ்வொருவராக நீதிபதி கோய்ல் முன்னால் வந்து நின்று அந்த வாரம் எப்படிப் போனது என்று சொல்ல வேண்டும். நன்றாகப் போயிருந்தால் எல்லோரும் கைதட்டுவோம். மீன் வளர்க்கிற கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. அதற்குள் கையை விட்டு ஒரு சீட்டு எடுக்கலாம். சாக்லேட், சினிமா டிக்கெட், ஒரு மணி நேரம் கூடுதலாக ஊர் சுற்ற அனுமதி, இப்படி ஏதாவது வரும். கைதட்டல் கேட்கிற நீதிமன்றத்தை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள். அதை எப்போதும் ஆரம்பித்து வைப்பது நான்தான்.

ஓவன் ஸ்ட்ராட் என்று ஒரு பையன் இருந்தான். எங்கள் திட்டத்தை முடித்துப் பட்டம் வாங்கியவர்களிலேயே கெட்டிக்காரன் அவன். ஒரு வியாழக்கிழமை பட்டம் வாங்கினான். அடுத்த வியாழக்கிழமை நாங்கள் எல்லோரும் தேவாலயத்தில் அவன் சவப்பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஏழே நாள்தான் இடையில். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்ககிட்ட இருந்த வரைக்கும் நல்லாத்தானே இருந்தான்?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது சரிதான். எங்கள் கையில் இருக்கும்போது யாரும் சாகவில்லை. விட்ட பிறகுதான் சாகிறார்கள். இதற்கு நான் ஏதாவது செய்யாமல் இருந்திருந்தால்தான் நீங்கள் என்னை விசாரிக்க வேண்டும்.

மென்பொருள் வந்தது அதற்கடுத்த மார்ச்சில். அதுவரை எல்லாமே அட்டைப் பெட்டிகளில்தான் இருந்தது. மென்பொருளுக்கு ஏதோ பளபளப்பான பெயர் வைத்திருந்தார்கள். நாங்கள் அதைப் ‘பலகை’ என்றே சொன்னோம். திரையைத் திறந்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு வரிசை, ஒரு நாளுக்கு ஒரு கட்டம். எல்லாம் சரியென்றால் பச்சை, தாமதமென்றால் மஞ்சள், சோதனையில் தவறினால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் மற்றதையெல்லாம் பலகையே பார்த்துக்கொள்ளும். சுத்தமாக இருந்த நாட்களின் கணக்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோகும், பட்டம் வாங்கும் தேதியைத் தள்ளி வைக்கும், மாவட்டத்தை விட்டு வெளியே போக முப்பது நாள் தடை போடும். தவறாத இயந்திரம் என்று நீதிபதி பெருமைப்பட்டார்.

சொல்லிக்கொடுக்க ஓர் இளைஞன் வந்தான். இரண்டு நாள் டோனட் தின்றுகொண்டே கற்றுக்கொண்டோம். மூன்றாம் நாள் நீதிபதி தன் கடவுச்சொல்லைத் தொலைத்துவிட்டார். நான்காம் நாள் ஆலோசகர் லினெட்டும், அடுத்த வாரம் நன்னடத்தை அதிகாரியும் தொலைத்தார்கள். கீழ்த்தளத்தில் சிறுநீர்ச் சோதனை செய்கிற ஹார்லன் பீபி தொலைக்கவில்லை. அவர் கணினியையே தொடவில்லை. “நான் சீட்டுல எழுதி மேல அனுப்பறேன், ஜெனீன். நீங்களே அந்தப் பொட்டிக்கு ஊட்டி விட்டுடுங்க” என்றார். இப்படி ஒரே மாதத்தில் நான் ஐந்து பேர் ஆகிவிட்டேன். காலையில் நீதிபதியாக உள்ளே போவேன், மத்தியானம் ஹார்லனாக. வேலை மளமளவென்று நடந்தது.

முதல் திருத்தம் கருணையால் செய்தது. அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். வேட் என்று ஒரு பையன். ஒன்பது மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும். அவனுடைய வண்டிச் சக்கரம் காற்றுப்போய் ஒன்பது பன்னிரண்டுக்கு வந்தான். அந்த மஞ்சளால் அவன் பட்டம் இரண்டு வாரம் தள்ளிப்போகும். அவனுக்கோ தச்சு வேலை ஒன்று காத்திருந்தது. ஒன்பது பன்னிரண்டை எட்டு ஐம்பத்திரண்டாக மாற்றினேன். கட்டம் பச்சையானது. வானம் இடிந்து விழவில்லை. வேட் பட்டம் வாங்கினான். என்னைக் கட்டிப்பிடித்து, “உங்கள மறக்கவே மாட்டேன், மிஸ் ஜெனீன்” என்றான்.

ஆறு வாரம் கழித்து அவனைக் கடையில் பார்த்தேன். நான் கையசைத்தேன். அவன் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு நாய்த்தீனி இருக்கும் வரிசைக்குள் போய்விட்டான். அவன் வீட்டில் நாய் கிடையாது. பலகையிலேயே இருக்கிறது, வளர்ப்புப் பிராணிகள் என்ற இடத்தில், ‘இல்லை’ என்று. நானே நிரப்பியது.

இதனால் என் மனம் புண்பட்டது என்று நினைக்காதீர்கள். அலுவலகத்தில் யாரோ நான் தனிமையில் வாடுகிறேன் என்று உங்களிடம் சொன்னார்களாம். தவறு. என் கணவர் ரஸ்ஸல் ஃப்ளோரிடாவில் சௌக்கியமாக இருக்கிறார், பன்னிரண்டு வருடமாக. எனக்கு வீடு இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, தேவாலயத்தில் சனிக்கிழமை விருந்துக்குக் கோழிக் கேசரோல் செய்கிற பொறுப்பு இருக்கிறது. அன்று வண்டியில் உட்கார்ந்து நான் நினைத்ததெல்லாம் இவ்வளவுதான்: கண்ணெதிரே இருக்கிற ஆளைப் பார்த்து ஒரு வணக்கம் சொல்லக்கூடத் தைரியமில்லாத பிள்ளையை அவசரப்பட்டு அனுப்பிவிட்டோம். இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்க வேண்டும்.

அடுத்து ஷெல்பி. அவளைப் பெற்றவர்கள் அரிசோனாவுக்குக் குடிபோவதாக இருந்தார்கள். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஒரே ஒரு சிவப்பு போட்டேன். அவள் மேலும் நான்கு மாதம் எங்களோடு இருந்தாள், மதிப்பெண்கூட உயர்ந்தது. அந்தச் சிவப்புக்குத் தண்டனையாகச் சிறார் தடுப்பு இல்லத்தில் ஒரு சனி ஞாயிறைக் கழிக்க வேண்டியிருந்தது உண்மைதான். அங்கே சூடான சாப்பாடு, கணப்பு, மேற்பார்வை எல்லாம் இருக்கிறது. அவளைப் பெற்றவர்கள் வீட்டில் அந்த மூன்றும் சேர்ந்தாற்போல் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

நான் எதையும் கண்மூடித்தனமாகச் செய்யவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. ஒவ்வொரு பிள்ளையையும் யோசித்துத்தான் செய்தேன். எங்கள் புள்ளிவிவரங்களும் அழகாக இருந்தன. மூன்று வருடமாக ஒரு சாவுகூட இல்லை. மாநில மாநாட்டில் நீதிபதி கோய்லை மேடையேற்றி ஒரு கேடயம் கொடுத்தார்கள். அவர் அதை என் மேசைமேல் கொண்டுவந்து வைத்து, “இது உனக்குத்தான் சேரணும், ஜெனீன்” என்றார். வாஸ்தவம்தான்.

கோரின் ஷாட்டைப் பற்றி நீங்கள் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். அதற்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன்.

கோரின் வந்தபோது பதினாறு வயது. வீடு துடைக்கப் போன இடத்தில் அலமாரியிலிருந்த வலி மாத்திரைகளை எடுத்துவிட்டாள். முதல் நாள் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து பேனாக்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

“பேரு?”

“அதான் பலகையில இருக்குமே. எல்லாமே அதுல இருக்குன்னு வெளிய ஒருத்தன் சொன்னான்.”

“நீ சொல்லு, கேப்போம்.”

“கோரின் ஷாட். எல்லாரும் எழுத்துப் பிழையாத்தான் எழுதுவாங்க. அப்புறம், நீ வேற ஆளுன்னு என்னையே திட்டுவாங்க.”

எனக்கு அவளைப் பிடித்துப்போனது. மாவட்ட விடுதியில் தங்கியிருந்தாள். அப்பா யாரென்று தெரியாது. அம்மா டேனா டொலீடோ நகரத்தில் ஒரு மருத்துவமனையில் இருந்தாள். அவளும் ஒரு காலத்தில் மாத்திரைக்காரிதான். பிறகு விட்டுவிட்டாள், ஆனால் கல்லீரல் அவளை விடவில்லை. கோரினுக்கு ஒன்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்க அனுமதி இருந்தது, வரிசை பச்சையாக இருந்தால் மட்டும். பேருந்தில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். திங்கட்கிழமை வந்து என் அறைக் கதவில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் சொல்வாள். அம்மா என்ன சாப்பிட்டாள், பக்கத்துப் படுக்கைக் கிழவி எப்படிக் குறட்டை விட்டாள், எல்லாம்.

“மிஸ் ஜெனீன், நான் செத்துப்போனா என் கட்டம் என்ன கலராகும்?”

“மஞ்சள். இன்னும் வந்து சேரல, தாமதம்னு போடுவேன்.”

“அடிப்பாவி!” என்று சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. நான் தண்ணீர் கொடுத்தேன். அந்த மாதிரித் திங்கட்கிழமைகள்.

ஜனவரியில் அவளுக்கு இருநூற்றுப் பதினான்கு பச்சை சேர்ந்திருந்தது. பட்டத்துக்கு முப்பதாம் தேதி என்று குறித்தாகிவிட்டது. அதன் பிறகு டொலீடோவுக்கே போய் அம்மாவோடு இருக்கப்போகிறேன் என்றாள். அம்மாவை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்களாம், இவள் பார்த்துக்கொள்வாளாம். கடைசி நிலையில் இருக்கும் நோயாளியின் வீட்டில் எவ்வளவு வலி மாத்திரை இருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். பழைய பழக்கமுள்ள பெண்ணை அந்த அலமாரிக்குப் பக்கத்தில் தூங்க வைப்பதா? நீதிபதிக்கு இது தோன்றவில்லை. ஆலோசகர் லினெட்டுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, ஹார்லனின் சீட்டு மேலே வந்தது. கோரின், சுத்தம். நான் ஹார்லனாக உள்ளே போய்ச் சிவப்பைப் போட்டேன். பிறகு மதிய உணவுக்குப் போனேன். அன்று தக்காளி சூப்.

வியாழக்கிழமை நீதிபதி அவள் வரிசையைப் படித்ததும், “நான் எடுக்கல” என்றாள்.

“செவ்வாய்க்கிழமை சோதனை எடுத்ததாக் காட்டுதேம்மா.”

“அப்ப அந்தச் சோதனைதான் எடுத்திருக்கும், மாத்திரைய. அதப் புடிச்சு உள்ள போடுங்க.”

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. “கோரின், இங்க தப்பு செஞ்சா மன்னிப்பு உண்டு. பொய் சொன்னாத்தான் கிடையாது.”

“மறுபடி சோதிங்க. அந்தக் கிண்ணத்த எந்த ஆய்வகத்துக்கு வேணும்னாலும் அனுப்புங்க.”

நீதிபதி என்னைப் பார்த்தார். “அந்தக் கிண்ணம் இப்ப இல்லைங்க, ஐயா” என்றேன். அது உண்மை. சுத்தமான கிண்ணங்களை ஹார்லன் அன்றன்றே கொட்டிவிடுவார். நான் நீதிமன்றத்தில் பொய் சொன்னதே இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அவளுக்குத் தடுப்பு இல்லத்தில் இரண்டு இரவு, முப்பது நாள் பயணத் தடை, ‘நேர்மை’ என்ற தலைப்பில் ஐந்நூறு சொல் கட்டுரை. ‘நான் எடுக்கவில்லை’ என்று இருநூற்றைம்பது முறை எழுதிக் கொடுத்தாள். நான் எண்ணிப் பார்த்தேன், கணக்கு சரியாக இருந்தது. லினெட் தாளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். “மறுக்கறதுதான் இந்த நோயோட கடைசிக் கோட்டை, ஜெனீன். நாமதான் மெதுவா இடிக்கணும்.”

இடிக்கும் வேலை என்னிடம் வந்தது. இருபத்தொன்பதாம் தேதி, புதன்கிழமை, அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கோகோ கலந்து கொடுத்தேன்.

“ஒத்துக்கிட்டாத்தான் என்ன கண்ணு? மனசு லேசாயிடும்.”

“செய்யாதத எப்படி ஒத்துக்கறது?”

“எல்லாருக்கும் அப்படித்தான் தோணும், முதல்ல.”

கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “ஒத்துக்கிட்டா அம்மாவப் பாக்க விடுவாங்களா?”

“நீதிபதிக்கு மனசு இளகும்” என்றேன். இளகும் என்றுதான் சொன்னேன். விடுவார் என்று சொல்லவில்லை.

மறுநாள், அவள் பட்டம் வாங்கியிருக்க வேண்டிய நாள், நீதிபதி முன்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டு, “ஆமா. எடுத்தேன்” என்றாள்.

“எத்தனை?”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், வகுப்பில் விடை தெரியாத பிள்ளை பார்ப்பதைப் போல. “ரெண்டு. வெள்ளை மாத்திரை.”

கைதட்டலை நான் ஆரம்பித்தேன். லினெட் எழுந்தே நின்றுவிட்டாள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “இதுக்குத்தான் இந்த நீதிமன்றமே இருக்கு” என்றார். கண்ணாடித் தொட்டியில் கோரினுக்கு பீட்ஸா சீட்டு விழுந்தது. எனக்கும் கண் கலங்கியது. அந்த அறையில் அவள் பொய் சொல்கிறாள் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் அவளை மன்னித்தேன்.

ஹார்லன் விஷயம் அதற்கு மறுநாள். அவருக்கு முழங்கால் சரியில்லை, மேலே ஏறி வரவே மாட்டார். அன்று ஏறி வந்தார். கையில் ஒரு பச்சை அட்டை நோட்டு. கப்பற்படையில் மருத்துவ உதவியாளராக இருந்த நாளிலிருந்து எதையும் பென்சிலால் எழுதி வைப்பது அவர் பழக்கமாம். எனக்கு அது தெரியாது. மூன்று வருடம் ஒரே கட்டடத்தில் இருந்தும் ஒருவரை ஒருவர் எவ்வளவு குறைவாகத் தெரிந்துவைத்திருக்கிறோம், பாருங்கள்.

“அந்தப் பொண்ணு கோரின் என்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசமாட்டேங்குது. நான்தான் மாட்டி விட்டேங்குது. பதினாலாம் தேதி கிண்ணம் சுத்தம்னு என் நோட்டுல இருக்கு, ஜெனீன்.”

“அன்னிக்கு எத்தனை கிண்ணம் பாத்தீங்க?”

“ஒம்பது.”

“கண்ணாடி போட்டிருந்தீங்களா?”

அவர் யோசித்தார். அந்த யோசனை போதும். கிண்ணத்தில் ஒட்டிய பட்டையில் இரண்டு கோடு விழுந்தால் சுத்தம், ஒன்று விழுந்தால் இல்லை. இரண்டாவது கோடு சில சமயம் மயிரிழைபோல இருக்கும். “சீட்டுல நீங்க ஒண்ணு எழுதி, நோட்டுல வேற எழுதியிருப்பீங்க. போன மாசம் வண்டி நிறுத்தற இடத்துல என் காரைத் திறக்கப் பாத்தீங்களே, உங்க வண்டின்னு நினைச்சு” என்றேன். அது நிஜமாக நடந்ததுதான். இருவர் காரும் ஒரே நீலம். “வயசானா எல்லாருக்கும் வர்றதுதான், ஹார்லன். ஒரு தடவை கண்ணைக் காட்டிடுங்களேன்.”

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார். மார்ச்சில் ஓய்வு பெற்றுக்கொண்டார். கேக் நான்தான் செய்தேன். அதன்மேல் ‘எங்கள் கழுகுக் கண்ணருக்கு’ என்று எழுத வைத்தேன். எல்லோரும் ரசித்தார்கள்.

பிப்ரவரி ஆறாம் தேதிக்கு வருகிறேன். அதுவும் வியாழக்கிழமை. டொலீடோ மருத்துவமனையிலிருந்து விடுதிக்குத் தொலைபேசி வந்திருந்தது. வீட்டுக்கு அனுப்புகிற நிலையெல்லாம் போய்விட்டது, பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று. கோரின் தன் முறை வரும்வரை காத்திருக்கவில்லை. நேரே எழுந்து வந்து நின்றாள்.

“ஒரே ஒரு நாள், ஐயா. யாராவது கூட வரட்டும். விலங்கு மாட்டிக்கூடக் கூட்டிட்டுப் போங்க. நான்தான் ஒத்துக்கிட்டேனே.”

நீதிபதி கோய்ல் நல்ல மனிதர். அனுப்பத்தான் நினைத்தார், அது முகத்திலேயே தெரிந்தது. என் பக்கம் குனிந்து, “ஜெனீன், பலகை என்ன சொல்லுது?” என்று கேட்டார்.

“பன்னெண்டாம் தேதி வரைக்கும் தடை, ஐயா.”

“நாம மாத்த முடியாதா?”

“அது தானாப் போடறது, ஐயா.”

திரையின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. ‘சிறப்பு அனுமதி’. நீதிபதியின் பெயரில் உள்ளே போய் அதை அழுத்தினால் தடை விலகிவிடும். அந்த டோனட் இளைஞன் இரண்டாம் நாள் அதைக் காட்டினான். நீதிபதி அப்போது தொலைபேசியில் இருந்தார். தானாகப் போடுவது என்று நான் சொன்னது உண்மைதான். தானாக எடுக்காது என்றால் யார் எடுப்பது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

டேனா ஷாட் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இறந்துபோனாள். அடக்கம் பதிமூன்றாம் தேதி. தடை முடிந்த மறுநாள் என்பதால் எந்தச் சிக்கலும் இல்லை. நீதிபதியிடம் விடுப்புக் கேட்டுக்கொண்டு நானே கோரினைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளிடம் கறுப்புச் செருப்புகூட இல்லை. வழியில் நிறுத்தி ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தேன். கல்லறையில் மொத்தம் ஏழு பேர். ஹார்லனும் வந்திருந்தார். அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு தேவாலயக் கூடத்தில் ஹாம் சாண்ட்விச் கொடுத்தார்கள். கோரின் அவரோடு ஜன்னலோரம் நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். நான் பாத்திரம் கழுவ உதவிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் பனி தூறிக்கொண்டிருந்தது. கோரின், “மிஸ் ஜெனீன், இப்பல்லாம் எனக்கே சந்தேகமா இருக்கு” என்றாள்.

“என்ன சந்தேகம்?”

“நான் நெஜமாவே எடுத்தேனோன்னு. எடுக்காம எப்படிச் சிவப்பு வரும்? தூக்கத்துல எழுந்து போய் ஏதாவது முழுங்கியிருப்பேனா? அப்படி நடக்குமா?”

அழுதிருந்த பிள்ளை. அந்த நேரத்தில் அவளோடு வாதாட எனக்கு மனம் வரவில்லை. “நடக்கலாம் கண்ணு” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். “அப்ப அம்மாவப் பாக்க முடியாமப் போனது என்னாலதான்.”

நான் ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டினேன். அவளுக்குக் குளிராக இருக்குமே என்று.

மே மாதம் அவள் பட்டத்தை மறுபடி தள்ளிப்போட்டேன். ஒரே ஒரு சிவப்பு. துக்கத்தில் இருக்கும் பெண்ணை வெளியே தனியாக விடக் கூடாது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கும். இந்தத் தடவை அவள் மறுக்கவே இல்லை. கேட்பதற்கு முன்பே, “ஆமா, எடுத்திருப்பேன்” என்றாள். எவ்வளவு முன்னேற்றம் என்று லினெட்டே வியந்துபோனாள்.

ஹார்லன் கண் மருத்துவரிடம் போனதை நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எழுபது வயதில் இப்படி ஒரு கண்ணா என்று அந்த மருத்துவர் கேட்டாராமே. அதற்குப் பிறகுதான் நோட்டுகளை எல்லாம் கட்டி உங்களுக்கு அனுப்பினாராம். அவரைக் கண்ணைக் காட்டச் சொன்னவள் நான்தான் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் அந்த மென்பொருளை நினைத்தால்தான் வருத்தம். ஒவ்வொரு திருத்தத்தையும், பழையது என்ன, புதியது என்ன, எந்த நிமிஷம், யார் பெயரில், எந்த மேசைக் கணினியிலிருந்து என்று ரகசியமாக எழுதி வைத்துக்கொண்டே வந்திருக்கிறது. இரண்டு நாள் டோனட் தின்றோம். அதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று வருடம் நம்பிப் பழகிய ஒன்று இப்படிச் செய்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

சரி, தாளைக் கொடுங்கள். முப்பத்தொன்று. எண்ணிக்கையில் தவறில்லை. வேட்டுடையது கருணைக் கணக்கு, நியாயமாகப் பார்த்தால் அதைக் கழிக்க வேண்டும். மீதி முப்பது. பதினோரு பிள்ளைகள். சுத்தமாக இருந்தவர்களைச் சுத்தமில்லை என்று எழுதினேன். ஐந்து பேரின் பெயரில் எழுதினேன், எழுதியது நான் ஒருத்தி. கோரின் ஷாட் ஜனவரியிலும் எதையும் தொடவில்லை, மே மாதமும் தொடவில்லை. அவள் அம்மா படுத்திருந்த இடத்துக்கு அவளைப் போகவிடாமல் செய்தது நான். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. எங்கே கையெழுத்து, இங்கேயா?

நாளைக் காலை விடுதிக்குப் போய் அவளிடம் விஷயத்தைச் சொல்லப்போவதாகச் சொன்னீர்கள். சொல்லுங்கள், ஆனால் பக்குவமாகச் சொல்லுங்கள். காலையில் எழுந்ததும் அவளுக்குப் பேசப் பிடிக்காது, முதலில் ஏதாவது சாப்பிட விடுங்கள். நான் இருக்கப்போகிற இடத்தின் முகவரியையும், பார்வையாளர் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் அப்படிப் பார்க்க வேண்டாம். அவள் வருவாள். அம்மாவும் போய்விட்ட பிறகு, என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?